அரை நொடியில் தோற்ற கியர் ராடு

வடபழனியில் நூறடிச் சாலையும் ஆற்காடு சாலையும் சந்திக்கும் இடத்தை மாலை வேளையில் கடப்பவர், கிளச்சை எத்தனை முறை மிதிக்கிறார் என்று எண்ணி முடிக்க இயலாது. இந்த வேலையை ஓர் இயந்திரம் ஏற்றுக்கொண்டால் யாருக்கும் நன்மைதான். சொகுசுக் கார்களில் கியர் ராடு மறைந்ததில் வியப்பில்லை. ஆனால் வேகத்துக்காகவே பிறந்த ஃபெராரி, லம்போர்கினி போன்ற கார்கள் ஏன் அதைக் கைவிட்டன? அவற்றை வாங்குவோர் ஓட்டும் திறமையில் பெருமை கொள்பவர்கள் அல்லவா? இதற்கு விடை சோம்பலில் இல்லை, இயற்பியலில் இருக்கிறது.

கியர் எதற்கு?

பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுகளுக்குக் கீழே திணறும். ஆறாயிரத்துக்கு மேல் பெரும்பாலானவை தாங்கா. சக்கரமோ ஓய்வு நிலையிலிருந்து புறப்பட வேண்டும். இவ்விரண்டையும் இணைத்து வைப்பவையே பற்சக்கரங்கள். கடப்பாரையால் பாறையைப் புரட்டுபவர், நீண்ட கையைச் சிறு விசையால் வெகுதூரம் அழுத்துகிறார். பாறை சிறிதே நகர்ந்தாலும் பெரும் விசையுடன் நகர்கிறது. முதல் கியர் அத்தகைய நெம்புகோல்தான். சுழற்சி வேகத்தைக் கொடுத்துத் திருப்பு விசையை வாங்குகிறது. வேகம் கூடக் கூட இந்தப் பேரத்தை மாற்றிக்கொண்டே போக வேண்டும். மாற்றும் கணத்தில் எஞ்சினையும் சக்கரத்தையும் பிரித்து வைப்பது கிளச்சு.

1890களில் பிரான்சின் பான்ஹார்டு–லெவாசர் நிறுவனம் வழக்குக்குக் கொண்டுவந்த நழுவும் பற்சக்கரப் பெட்டியே இன்றைய கைக்கியரின் மூதாதை. வேகம் ஒவ்வாத இரு சக்கரங்கள் மோதிக் கரகரக்கும் குறையை, ஏர்ல் தாம்சன் வகுத்த ஒத்திசைவு அமைப்பு நீக்கியது. 1928-ல் கெடிலாக் கார்களில் அது இடம்பெற்றது.

எண்ணெய் செய்த வேலை

தானியக்கக் கியரின் வேர் கப்பல்களில் இருக்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர், கப்பலின் விசைச்சுழலிக்கும் உந்தித் தகட்டுக்கும் இடையே பாய்மத்தின் வழியாக ஆற்றலைக் கடத்தும் முறைக்கு 1905-ல் காப்புரிமை பெற்றார். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்தால் இதன் தத்துவம் விளங்கிவிடும். இந்த இணைப்பையும் கோள் பற்சக்கரங்களையும் சேர்த்து, 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைட்ராமாட்டிக்' கியர் பெட்டியை அறிமுகம் செய்தது. அது பொருத்தப்பட்ட 1940 மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் கிளச்சு மிதியே இல்லை.

ஆனால் ஒரு விலை உண்டு. இரண்டாவது விசிறி முதலாவதைவிட எப்போதும் சற்றுப் பின்தங்கியே சுழலும். அந்த நழுவலில் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகி எண்ணெயைச் சூடாக்குகிறது. ஆகவே சொகுசு விரும்பியோர் தானியக்கத்தையும், வேகம் விரும்பியோர் கைக்கியரையும் நாடினர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு இந்தப் பாகப்பிரிவினை நிலைத்தது.

அரை நொடிக் கணக்கு

கைக்கியருக்கும் ஒரு பலவீனம் உண்டு. கிளச்சை மிதித்து, ராடைத் தள்ளி, காலை எடுக்கும் வரை எஞ்சின் வண்டியைத் தள்ளுவதில்லை. தேர்ந்த ஓட்டுநருக்கு அரை நொடி ஆகிறது என்று கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 27.8 மீட்டர். அரை நொடியில் கார் சுமார் 14 மீட்டர் தூரம் உந்தலின்றி, நிலைமத்தால் மட்டுமே ஓடுகிறது. பந்தயத்தில் இது பெரிய இழப்பு.

1989-ல் ஜான் பர்னார்டு வடிவமைத்த ஃபெராரி 640 பந்தயக் காரில் கியர் ராடு இல்லை. ஸ்டீயரிங்கின் பின்னே இருந்த துடுப்பு போன்ற விசையைத் தட்டினால், மின்னணுச் சாதனமும் எண்ணெய் அழுத்தமும் மற்றதைப் பார்த்துக்கொண்டன. பிரேசிலில் நடந்த அதன் முதல் பந்தயத்திலேயே நைஜல் மான்செல் அதை வெற்றிக்கு ஓட்டினார். 1997-ல் ஃபெராரி எஃப்355 வழியாக இம்முறை சாலைக்கு வந்தது.

இடைவெளியைக் கிட்டத்தட்ட இல்லாமலே ஆக்கியது இரட்டைக் கிளச்சு. 1, 3, 5 கியர்கள் ஒரு கிளச்சிலும் 2, 4, 6 கியர்கள் மற்றதிலும் இருக்கும். இரண்டாம் கியரில் ஓடும்போதே மூன்றாவது தயாராகக் காத்திருக்கும். ஒரு கிளச்சு விட, மற்றது பிடிக்கும். அடால்ஃப் கெக்ரஸ் 1930களின் இறுதியில் எண்ணிய இந்த யோசனை, கணினி துணைக்கு வந்த பின் 2003-ல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரில் விற்பனைக்கு வந்தது. 2009-ல் வெளியான ஃபெராரி 458-ல் கைக்கியரே தரப்படவில்லை. 2014-ல் லம்போர்கினி ஹுராகானிலும் அப்படியே.

நம் ஊர்ச் சாலையில்

சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் கியர் மாற்றுவதே ஓட்டுநரின் பாதிக் கலை. 2005-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயன் இயக்கியதோ துடுப்பு விசை. 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஓடிய ஃபார்முலா 4 கார்களிலும் அதுவே.

ஜி.எஸ்.டி. சாலையும் இதே கதையைச் சொல்கிறது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985-ல் வெளியிட்ட சொகுசுக் காரான 'ஸ்டாண்டர்டு 2000' கைக்கியர் வண்டிதான். அதே சாலையில் மேலும் தெற்கே, மகிந்திரா சிட்டியில் 2007-ல் பி.எம்.டபிள்யூ. ஆலை திறக்கப்பட்டது. அந்நிறுவனம் 2023-ல் இந்தியாவில் அறிமுகம் செய்த எம்2 காருக்குத் தானியக்கக் கியரே இயல்பானது. கைக்கியர் வேண்டுவோர் கூடுதல் பணம் தர வேண்டும். ஒரு காலத்தில் தானியக்கத்துக்குத்தான் கூடுதல் விலை!

வேகம் வேறு, இன்பம் வேறு

பணம் கொடுத்து மெதுவான கருவியை வாங்குவார்களா? வாங்கினார்கள். 2013-ல் போர்ஷே தன் 911 ஜி.டி.3 காரை இரட்டைக் கிளச்சுடன் மட்டுமே விற்றது. ரசிகர்கள் முணுமுணுத்தனர். 2016-ல் 991 கார்கள் மட்டும் செய்யப்பட்ட 911 ஆர் கைக்கியருடன் வந்தது, 2017-ல் ஜி.டி.3-க்கே கைக்கியர் திரும்பியது. கடிகாரம் அளக்கும் வேகத்தில் இயந்திரம் வென்றுவிட்டது. கையும் காலும் காதும் ஒன்றுபடும் இன்பத்தைக் கடிகாரம் அளப்பதில்லை.

ஆனால் இன்பத்துக்காகக் கிளச்சை மிதிப்பவர் வேறு. பிழைப்புக்காக நாளெல்லாம் மிதிப்பவர் வேறு. ஃபெராரியில் 1997-ல் வந்தது, பழைய கியர் பெட்டியை ஓர் இயந்திரக் கை இயக்கும் ஏற்பாடு. அதே தத்துவம் 2014-ல் மாருதி செலேரியோ என்ற சிறிய காருக்கு வந்து சேர்ந்தது. இரண்டிலும் மாக்னெட்டி மாரெல்லி நிறுவனத்தின் கைவண்ணம் உண்டு. பந்தயத்தில் அரை நொடியை மிச்சப்படுத்தப் பிறந்த கருவி, நடுத்தரக் குடும்பத்தின் முழங்காலைக் காத்தது.

எல்லோருக்கும் முன்பே இந்த ஓய்வு கிடைத்திருக்க வேண்டியவர் பேருந்து ஓட்டுநர். அவருக்கு அது கடைசியில்தான் வருகிறது. மின்மோட்டார் ஓய்வு நிலையிலிருந்தே முழுத் திருப்பு விசை தருவதால், அதற்குக் கிளச்சும் தேவையில்லை, மாற்ற வேண்டிய கியரும் இல்லை. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் சென்னைச் சாலைக்கு வந்தன. அவற்றின் ஓட்டுநர்களுக்கு இடது காலால் மிதிக்க ஒன்றுமில்லை.