வசனக் கணக்கும் வாரிசுப் பங்கும்



சுருக்கல் கணக்கை மளமளவென்று செய்கிற பிள்ளை, அதையே நாலு வரி வசனமாகக் கொடுத்தால் பேனையை வைத்துவிடுகிறது. இல்லையென்றால் கண்ணில் பட்ட எண்களை எல்லாம் பெருக்குகிறது. "சேர், இது கூட்டலா பெருக்கலா?" என்பதுதான் வகுப்பில் முதல் கேள்வி. வீட்டிலும் "நம்மட பிள்ளைக்குக் கணக்கு ஓடாது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு பிழை. நம் சரித்திரத்தையே கொஞ்சம் பார்ப்போம்.

கலீபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (813–833) பக்தாதில் வாழ்ந்தவர் முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி. அவருடைய நூலின் பெயரிலுள்ள 'அல்-ஜப்ர்' என்ற சொல்தான் பின்னர் அல்ஜீப்ரா ஆனது. ஆனால் அந்த நூலில் எக்ஸும் இல்லை, வையும் இல்லை. சமன்பாடுகள்கூட வசனத்திலேயே இருக்கின்றன. தெரியாத கணியத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஷைஉ', அதாவது 'பொருள்'. நூலின் பெரும் பகுதி வசிய்யத்தும் வாரிசுப் பங்கும் பற்றிய கணக்குகள்தான்.

அதில் ஒன்று: ஒரு பெண் மௌத்தாகிறார். கணவர், ஒரு மகன், மூன்று மகள்மார் இருக்கிறார்கள். சொத்தில் எட்டில் ஒன்றையும் ஏழில் ஒன்றையும் வெளியாள் ஒருவருக்கு வசிய்யத் செய்திருக்கிறார். யாருக்கு எவ்வளவு?

அவசரப்பட்டுப் பெருக்கக் கூடாது. முதலில் ஆட்கள் யார், கேட்டிருப்பது என்ன என்று எழுதுவோம். கணவருக்கு 1/4. மிச்சம் 3/4இல் மகனுக்கு 2 பங்கு, மகள் ஒருவருக்கு 1 பங்கு, ஆக 5 பங்கு. எனவே வாரிசுகளின் சொத்தை 20 ஆகப் பிரித்தால் கணவருக்கு 5, மகனுக்கு 6, மகள் ஒருவருக்கு 3.

வசிய்யத் 1/8 + 1/7 = 15/56. மூன்றிலொன்றைத் தாண்டவில்லை, ஆகவே செல்லும். முழுச் சொத்தும் 56 × 20 = 1120 பங்கு. வெளியாளுக்கு 300. மீதி 820இல் கணவருக்கு 205, மகனுக்கு 246, மகள் ஒருவருக்கு 123. கடைசியில் கூட்டிப் பாருங்கள்: 300 + 205 + 246 + 369 = 1120. சரி.

விளங்கிக்கொள், வழியைத் தீர்மானி, செய், திரும்பிப் பார். இந்த நான்கு படிகளை 1945இல் ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஜோர்ஜ் போல்யா தனிப் புத்தகமாகவே எழுதினார். பங்கு பிரிக்கும் நம் ஆலிம்கள் அந்த ஒழுங்கைத்தான் நடைமுறையில் செய்கிறார்கள்: ஜனாஸாச் செலவு, கடன், வசிய்யத், அதன் பிறகே பங்கு. வரிசை மாறினால் ஒருவரின் ஹக் போய்விடும்.

இலங்கையில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டத்தின்படி இன்றும் இப்பங்குகள் செல்லுபடியாகின்றன. ஆகவே இது பரீட்சைக்கு மட்டுமான கணக்கல்ல. நாளை வயற்காணி பிரிக்கும்போது தன் பங்கு சரியா என்று பார்க்க, நம் பெண் பிள்ளைகளுக்கும் இது தெரிய வேண்டும்.

இன்றிரவு பிள்ளையிடம் ஒரு கணக்குக் கொடுங்கள். அதே குடும்பம், வசிய்யத்தும் கடனும் இல்லை, 10 ஏக்கர் வயல். விடை: கணவருக்கு இரண்டரை, மகனுக்கு மூன்று, மகள் ஒருவருக்கு ஒன்றரை ஏக்கர். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். "இதில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள்.