குறிக்கோள்

குறி + கோள். குறி என்றால் அடையாளம். வில்லாளிக்கு அம்பு தைக்க வேண்டிய இடம். ‘கொள்’ என்ற வினை முதலெழுத்து நீண்டு ‘கோள்’ ஆனது. ‘கெடு’ கேடானதும் ‘படு’ பாடானதும் இப்படித்தான். இலக்கணத்தில் இது முதனிலை திரிந்த தொழிற்பெயர். அப்பர் தேவாரத்திலேயே இந்தச் சொல் உண்டு. ஆசை மட்டும் குறிக்கோள் ஆகாது. குறியைக் கைக்கொள்ளும் செயலும் அதற்குள் இருக்கிறது.

2019-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் கல்வராயன் மலையில், உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளை ‘டாக்டர் ஆவேன்’ என்றால், அது குறி. இந்த மாதம் முடிக்க வேண்டிய உயிரியல் பாடம், சாதிச் சான்றிதழ், மலையிறங்கும் பேருந்து, கல்லூரி விடுதியில் ஓர் இடம் எல்லாம் கோள். இவற்றில் பாதி பெரியவர்கள் செய்து தரவேண்டியவை.