கிணற்றடி வாழையும் யாழ்ப்பாணத்துத் தண்ணீரும்

யாழ்ப்பாணத்துக்கு ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கமாகக் கடனீரேரியில் கலக்கும் வழுக்கையாற்றை ஆறு என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். ஆண்டில் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்தாலும் அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் குடாநாட்டு மக்களை வாழவைப்பது சுண்ணக்கல் பாறைக்குள் தேங்கி நிற்கும் மழைநீர்தான். அந்த நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது விதி. மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உவர் எவ்வளவு உயரும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கை எங்கள் முன்னோர் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. கிணற்றடியில் எழுதி வைத்தார்கள். நான் வளர்ந்த வீட்டுக் கிணற்றடியில் சீமெந்துத் தளத்தின் ஓர் ஓரம் சற்றுச் சரிந்திருக்கும். குளித்த தண்ணீரும் உடுப்புத் தோய்த்த தண்ணீரும் அந்தச் சரிவால் வழிந்து, ஒரு சிறு வாய்க்காலால் வாழைகளுக்கும், அங்கிருந்து இரண்டு தென்னைகளுக்கும், கடைசியாக ஒரு கமுகுக்கும் போகும். வாய்க்காலுக்கு அப்பால் நின்று குளித்தால் "ஏனடா தம்பி தண்ணியைச் சும்மா மண்ணிலை ஊத்துறாய்?" என்று அம்மா குசினிக்குள் இருந்தே குரல் கொடுப்பார். அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு. சட்டி பானை கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு. பயன்படுத்திய நீரை மீண்டும் பயன்படுத்துதல் என்று இன்று கருத்தரங்குகளில் பேசப்படுவது அன்று பெயரில்லாத ஒரு பழக்கமாக இருந்தது.

அந்தப் பழக்கத்துக்குத் துலா ஒரு காவலாக நின்றது. கையால் அள்ளுகின்றவனுக்குத் தண்ணீரின் பாரம் தெரியும். 1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வந்தன. வீடுகளுக்கு மின்சார இயந்திரமும் மேல்தாங்கியும் பின்னர் வந்தன. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் இயந்திரங்கள் ஓய்ந்தன. நாங்கள் மீண்டும் கயிற்றைப் பிடித்தோம். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்ததும் அந்நாட்களில்தான். துன்பம் மிகுந்த அக்காலத்தைப் புகழ நான் முற்படவில்லை. ஆயினும் அந்தத் தண்ணீர் வாழைக்குக் கேடு செய்யவில்லை என்பது உண்மை.

பழைய ஒழுங்கைப் பொற்காலமாக்கிக் காட்டுவதும் நேர்மையாகாது. கிணற்றுக் கட்டில் கைவைக்க உரிமையின்றி, யாராவது வந்து அள்ளி ஊற்றுவார்களா என்று குடத்துடன் காத்து நின்ற மக்கள் அதே ஊர்களில் இருந்தார்கள். கே. டானியலின் 'தண்ணீர்' நாவல் அந்தக் கொடுமையின் பதிவு. நகரத்து வாளி மலசலகூடங்களைத் தலைச்சுமையாகவும் வண்டியிலும் அப்புறப்படுத்தியவர்களின் வாழ்வு அதைவிடக் கொடியது. நீரடைப்பு மலசலகூடம் அவர்களை அந்த வேலையிலிருந்து விடுவித்தது. ஆகவே திரும்பிப் போவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் அந்த விடுதலையோடு ஒரு தவறும் உள்ளே வந்தது. குழி மலசலகூடம் மண்ணுக்குக் கீழே, வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல்லுக்குள் நேரே இறங்குகின்றது. வாழையடியில் பாயும் தண்ணீரோ மேல்மண்ணில் ஊறி, வேர்களுக்கு உணவைக் கொடுத்துவிட்டு, எஞ்சியதே கீழே போகின்றது. வீட்டுக்குள் குளிப்பறை வந்தபோது நாங்கள் இரண்டு தண்ணீரையும் ஒரே குழாயில் சேர்த்து ஒரே குழிக்குள் விட்டோம். நாளொன்றுக்குச் சில வாளி பெற்ற குழி, இப்போது குளித்த நீரையும் தோய்த்த நீரையும் சேர்த்துப் பெறுகின்றது; அத்தனையும் கழிவைக் கரைத்துக்கொண்டு பாறை வெடிப்பால் கிணற்றை நாடுகின்றது. தோட்டங்களின் இரசாயன உரமும் இதனுடன் சேர்ந்தது. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று குடிநீருக்கான அளவாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் சொல்லி வருகின்றன. பாற்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கக் கூடியது.

தீர்வு எப்போதும் வெளியிலிருந்து வரும் என்றே காத்திருந்தோம். 1954இல் பொறியியலாளர் ஆறுமுகம், ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு தரும் திட்டத்தை முன்வைத்தார். அது முழுமை பெறவில்லை. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய இரணைமடு நீர்த் திட்டம், கிளிநொச்சி விவசாயிகளின் நியாயமான அச்சத்தால் திசைமாறியது. ஈற்றில் 2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நல்லதுதான். எனினும் குழாயில் வரும் ஒவ்வொரு வாளியும் பயன்படுத்தியபின் எங்கே போகும்? நகரம் தழுவிய கழிவுநீர்க் குழாய் அமைப்பு எங்களிடம் இல்லை. அதே குழிக்குத்தான் போகும்.

சென்ற முறை ஊருக்குப் போனபோது எங்கள் வளவில் எழுந்த புதுவீட்டைப் பார்த்தேன். மூன்று குளிப்பறைகள், வாழை ஒன்றுகூட இல்லை. கிணற்றுக்குக் கம்பிவலை போட்டு மூடியிருந்தார்கள். குடிப்பதற்குப் போத்தல் தண்ணீர் தந்தார்கள். "கிணத்துத் தண்ணி இப்ப குடிக்கேலாது அண்ணை" என்றார் தம்பி. குளிப்பறைத் தண்ணீரைப் பிரித்து, ஒரு தனிக் குழாயால், கிணற்றைவிட்டு எட்டத்தில் நாலு வாழைக்கு விடச் சொன்னேன். மலசலகூடத்துத் தண்ணீரை அதனோடு சேர்க்க வேண்டாம், கடுமையான சலவைத் தூள் போட்ட தண்ணீரை நாளாந்தம் விட வேண்டாம், தேங்கி நுளம்பு பெருக விட வேண்டாம் என்றும் சொன்னேன். ஒரு நாள் வேலை. ஒரு குழாயின் செலவு. இதனால் எங்கள் கிணறு உடனே திருந்திவிடாது. அயல் வளவுகளின் குழிகளும் அதே பாறைக்குள்தான் இருக்கின்றன. ஒரு வீடு செய்து பயனில்லை என்று தம்பி சொன்னதும் அதனால்தான். அது சரியே. ஆனால் கிணற்றைக் கெடுத்ததும் ஒவ்வொரு வீடாகத்தான்.