93,63,584: ஒரு நட்பெண்ணின் வரலாறு

93,63,584 என்னும் எண்ணை மீதியின்றி வகுக்கும் காரணிகள், அவ்வெண்ணை விடுத்து, 31 ஆகும். அவற்றின் கூட்டுத்தொகை 94,37,056. இந்த இரண்டாம் எண்ணின் காரணிகளை அவ்வாறே கூட்டினால் மீண்டும் 93,63,584 கிடைக்கிறது. இத்தகைய இணைகளை அரபு நூலோர் ஒன்றையொன்று நேசிக்கும் எண்கள் என்றழைத்தனர். நாம் நட்பெண்கள் எனலாம். இவ்விணையை 1638இல் கண்டறிந்தவர் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் என்றே ஐரோப்பிய நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன.

கிரேக்கர் அறிந்திருந்தது 220, 284 என்னும் ஓர் இணையை மட்டுமே. இப்னு கல்தூன் காலத்திலும் அவ்விரு எண்களைக் காதல் தாயத்துகளில் பொறிப்போர் இருந்தனர். இதற்குப் பொதுவிதி வகுத்தவர் ஹர்ரானில் பிறந்து, பனூ மூஸா சகோதரர்களின் ஆதரவில் பக்தாதில் வளர்ந்து, 901இல் மறைந்த தாபித் இப்னு குர்றா. நம் இதழ்கள் சில அவரை முஸ்லிம் விஞ்ஞானி எனக் குறிப்பிடுகின்றன. அவரோ ஸாபியீ சமயத்தவர். பிற சமயத்தார்க்கும் அப்பாஸியத் தலைநகர் அளித்த இடத்தை அவ்வுண்மையே நன்கு காட்டும்.

அவரது விதியை நம் எண்ணிலேயே காணலாம். 64இன் மும்மடங்கில் ஒன்று குறைய 191. 128இன் மும்மடங்கில் ஒன்று குறைய 383. 64ஐ 128ஆல் பெருக்கி, ஒன்பது மடங்காக்கி, ஒன்று குறைக்க 73,727. இம்மூன்றும் பகா எண்களாயின், 128 × 191 × 383 என்பதும் 128 × 73,727 என்பதும் நட்பெண்கள். காரணம் இதுதான்: 192ஐயும் 384ஐயும் பெருக்கினால் 73,728, அதாவது 73,727உடன் ஒன்று. ஆகவே, தம்மையும் சேர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை இரண்டு எண்களுக்கும் ஒன்றாகவே, 255 × 73,728 = 1,88,00,640 என அமைகிறது. அவ்விரு எண்களைக் கூட்டினாலும் அதே தொகைதான். எனவே ஒன்றைக் கழிக்க மற்றது எஞ்சுகிறது.

விதி எளிது, சோதனை கடினம். 73,727 பகா எண்தான் என உறுதிசெய்ய, 271 வரையுள்ள 58 பகா எண்களாலும் அதை வகுத்துப் பார்க்கவேண்டும்.

வானவில் ஆய்வால் புகழ்பெற்ற கமாலுத்தீன் அல்பாரிஸீ, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விதிக்குப் புதிய நிறுவலைத் தந்து 17,296, 18,416 என்னும் இணையை எடுத்துக்காட்டினார். மராகிஷின் இப்னுல் பன்னாவும் ஏறத்தாழ அதே காலத்தில் அதனை அறிந்திருந்தார். பெர்மா அதனை அறிவித்தது 1636இல்தான். நம் 93,63,584ஐ ஸபவீ ஈரானைச் சேர்ந்த முஹம்மத் பாகிர் யஸ்தீ பதினேழாம் நூற்றாண்டில் கணித்தார்.

பெர்மாவும் டெக்கார்ட்டும் அரபு நூல்களைக் கவர்ந்தனர் எனக் குற்றஞ்சாட்டச் சான்றில்லை. தக்க அறிவுடையோர் தாமே அடையக்கூடிய விதி இது. ஆனால் தாபித்தின் நூலை வோப்கே 1852இல் பிரெஞ்சு மொழியில் அறிமுகப்படுத்திய பின்னரும், எழுநூறு ஆண்டு முந்தியவரின் பெயரைப் பாடநூல்கள் பல விட்டுவிட்டதற்கு அத்தகைய சமாதானம் கூற இயலாது.

விதிக்கும் எல்லை உண்டு. 128க்குப் பின் அது வழியாக வேறோர் இணை, கணினி கொண்டு தேடியும், இதுவரை கிட்டவில்லை. 1184, 1210 என்னும் சிறிய இணையோ அவ்விதிக்குள் அடங்காததால் இவர்கள் எவர் கண்ணிலும் படவில்லை. 1866இல் பகானீனி என்ற பதினாறு வயது இத்தாலிய இளைஞர் அதனைக் கண்டார்.