சோழமண்டலக் கரைக் கோயில்காடுகள்

கோயில்காடு என்பது ஊர்த் தெய்வத்துக்கு உரியதென்று மரம் வெட்டாமல் ஊரார் விட்டுவைத்த காட்டுத் துண்டு. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் இதைக் காவு என்பார்கள்; குடகில் தேவரக்காடு. தமிழகத்தின் கிழக்குக் கரையில் மரக்காணம், புதுச்சேரி, கடலூர் வட்டாரங்களிலும் தெற்கே புதுக்கோட்டைச் சீமையிலும் இவை பெரும்பாலும் அய்யனார் கோயிலைச் சுற்றியே இருக்கின்றன. பல காடுகள் சில ஏக்கருக்கு மேல் இல்லை. ஆனாலும், கோடியக்கரை போன்ற சரணாலயங்களையும் காப்புக்காடுகளையும் விட்டால், இந்தக் கரையின் பழைய காட்டைப் பார்க்க இவற்றுக்குள்தான் போகவேண்டும்.

அந்தப் பழைய காடு தனி வகை. சாம்பியனும் சேத்தும் 1968இல் வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப்பாட்டில் இது வெப்பமண்டல வறண்ட பசுமைமாறாக் காடு எனத் தனியாகக் குறிக்கப்படுகிறது. மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வறட்சி. அப்படியிருந்தும் இங்குள்ள மரங்களில் பெரும்பாலானவை மொத்தமாக இலை உதிர்ப்பதில்லை. தோல்போலத் தடித்த சிறிய இலைகள், குட்டையான உயரம், கொடிகள் பின்னிய நெருக்கம் ஆகியவற்றால் உள்ளே நிழலும் ஈரமும் தங்குகின்றன. சித்திரை வெயிலில் செம்மண் பொட்டலிலிருந்து ஒரு கோயில்காட்டுக்குள் கால் வைத்தவர்களுக்கு அந்தக் குளுமை தெரியும். வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி, குருந்து, நாவல், எட்டி, நீலப் பூக்கும் காயா ஆகியவை இதன் மரங்கள். அடியில் களா, காரை, சூரை. கடலுக்கு அப்பால் ஈழத்தின் வன்னிக்காட்டிலும் பாலையும் வீரையும் இதே பெயர்களோடு நிற்கின்றன. வெயில் காலத்துப் பாலைப்பழம் அங்கும் பிள்ளைகளின் தின்பண்டம்.

விறகுக்கும் உழவுக்கும் ஊர்ப் பெருக்கத்துக்கும் போனதுபோக மிஞ்சிய நிலத்தை முந்திரியும் சவுக்கும் பிடித்துக்கொண்டன. சாமி பெயரில் இருந்த காடு மட்டும் தப்பியது. குச்சி ஒடித்தால் அய்யனார் கேட்பார் என்ற அச்சம் பல ஊர்களில் வனச்சட்டத்தைவிட நன்றாக வேலை செய்தது. அச்சம் மட்டுமா? புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனாரின் பெயரிலேயே காரை இருக்கிறது. அங்கே மாசிமகத்தன்று 33 அடிக் குதிரைச் சிலைக்கு ஆயிரக்கணக்கான காகித மாலைகளைச் சாத்துகிறார்கள். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு தாவரவியலாளர்கள் திரும்பத் திரும்ப வந்து ஆய்ந்த இடம். கடலூர்ப் பக்கம் திருமாணிக்குழி, குழந்தைகுப்பம் காடுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தார் எடுத்த தாவரக் கணக்கு 1997இல் வெளியானது.

இக்காடுகளை மக்கள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதில்லை. பொங்கல் வைக்கிறார்கள், மொட்டை போடுகிறார்கள், காது குத்துகிறார்கள், கிடா வெட்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இந்த நெருக்கம் காட்டைக் காத்தது. இன்று அதே நெருக்கத்தால் ஆபத்தும் வருகிறது. வண்டி நிறுத்தவும் சமையல் கொட்டகை போடவும் இடம் வேண்டுமென்று முதலில் புதரை வெட்டுகிறார்கள். பெரிய மரத்தில் யாரும் கை வைப்பதில்லை, அதனால் காடு பத்திரமாக இருப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் அடுத்த தலைமுறை மரங்களின் கன்றுகள் அந்தப் புதருக்குள்தான் இருந்தன. சருகைக் கூட்டி எரித்து, தரைக்கு சிமென்ட் பூசிய கோயிலில் கிழ மரங்கள் மட்டும் நிற்கும்; அவை சாய்ந்தால் அந்த இடத்துக்கு வர ஒன்றும் இருக்காது. சுத்தம் செய்வது என்று ஊரார் நல்லெண்ணத்தோடு செய்யும் இந்த வேலைதான், என் கணிப்பில், கோடரியைவிடக் கூடுதலான கோயில்காடுகளைக் கரைத்திருக்கிறது.

மீட்பு வேலைக்கு விதை தந்ததும் இக்காடுகளே. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்களாகக் கிடந்தது. அங்கு குடியேறியவர்கள் முதலில் வரப்புக் கட்டி நீரை நிறுத்தினார்கள். மண்ணை மூட, வேகமாக வளரும் ஆஸ்திரேலிய வேல மர இனமொன்றை நட்டார்கள். நிழல் வந்த பிறகு, சுற்றுவட்டாரக் கோயில்காடுகளிலும் எஞ்சிய காட்டுத் துண்டுகளிலும் விதை பொறுக்கி, நாட்டு மரங்களை அந்த நிழலில் வைத்தார்கள். இது பொறுமை கேட்கும் வேலை. நாவல் போன்றவற்றின் விதையைக் காயவிட்டால் முளைக்காது. பழம் விழும் நாளிலேயே எடுத்து நாற்று போடவேண்டும். கருங்காலியோ நட்டவர் ஆயுளுக்குள் பெருமரமாகாது. அங்குள்ள பிச்சாண்டிக்குளம் காட்டில் சேர்ந்த அனுபவம் பிறகு சென்னைக்கு வந்தது. அடையாற்றுக் கழிமுகத்தையொட்டிக் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டப்பட்டிருந்த 58 ஏக்கர் நிலம் மீட்கப்பட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

இருக்கிற கோயில்காட்டை மீட்க நாற்றுப் பண்ணைகூடத் தேவைப்படாமல் போகலாம். ஆடு மாடு ஓரத்தைக் கடிக்காமல் இருந்து, சருகு கிடந்த இடத்திலேயே மக்கி, உள்ளே நுழைந்த சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தால், மீதி விதைப்பைக் கொண்டைக்குருவியும் மரநாயும் பழந்தின்னி வௌவாலும் பார்த்துக்கொள்கின்றன. அடுப்பும் வண்டியும் காட்டுக்கு வெளியே நின்றால் போதும். சாமியிடம் போக ஒற்றையடிப் பாதை முன்பும் இருந்தது.