இருதயத்தின் எதிரொலி

திருநின்றவூரிலே பூசலார் நாயனார் கல்லும் மரமுமின்றித் தம் நெஞ்சினுள்ளே ஆலயம் எழுப்பினார் எனப் பெரியபுராணம் கூறும். அக்கோயிலை இறைவனே கண்டான், அயலார் கண்டிலர். உயிருள்ள மனிதனின் இருதயத்தைத் திறவாமலே உள்ளிருப்பதை அறிய வைத்திய விஞ்ஞானமும் நெடுங்காலம் முயன்றது. அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

சந்தையிலே குடம் வாங்கும் தாய்மார் அதனைச் சுண்டிப் பார்ப்பர். வெடிப்பிருந்தால் ஓசை காட்டிக்கொடுக்கும். ஒஸ்திரிய வைத்தியரான அவுன்பிறுக்கர், மார்பைத் தட்டி நோயறியும் முறையை 1761 இல் வெளியிட்டார். 1816 இல் பிரான்சிய வைத்தியர் லெனெக் காகிதச் சுருளொன்றை மார்பில் வைத்து இருதய ஒலியைக் கேட்டார். இன்றைய வைத்தியர் கழுத்திலே தொங்கும் கருவி அதன் வழிவந்ததே.

ஆயினும் கேட்டறிவது வேறு, கண்டறிவது வேறு. சுவீடன் தேசத்து லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்னும் வைத்தியர், சத்திரசிகிச்சைக்கு முன்னர் இருதய வால்வின் நிலையைத் திட்டமாக அறிய வழியின்றித் திகைத்தார். அவருக்குத் துணைவந்தவர் ஹெல்மூத் ஹேர்ட்ஸ் என்னும் பௌதிக ஆராய்ச்சியாளர். மால்மோ துறைமுகத்துக் கப்பற்கட்டுந் தளத்திலே உலோகத்தின் உள்வெடிப்பைக் காதுக்கெட்டாத ஒலியலையால் கண்டறியும் கருவி இருந்தது. ஹேர்ட்ஸ் அதனைத் தம் மார்பிலே வைத்துப் பார்த்தார், எதிரொலி அசைந்தது! பின்னர் இரவற் கருவியொன்றைக் கொண்டு 1953 ஒக்டோபர் 29 ஆம் நாள் இருவரும் இருதய அசைவைப் பதிவுசெய்தனர். தாம் கண்ட வேகமான அசைவை முதலில் இருதயச் சுவரினது என்றே எண்ணினர். அது வால்வின் இதழே என்பது பின்னரே தெளிந்தது. தவற்றைத் திருத்திக்கொண்ட அவ்விருவருக்கும் 1977 இல் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

இன்று 'எக்கோ' எனப்படும் இப்பரிசோதனையில் கத்தியுமில்லை, கதிருமில்லை. சுண்ணாம்பு படிந்த வால்வு திரையிலே வெண்மையாய் ஒளிரும். தழும்பேறிய தசை மெலிந்து அசைவு குன்றிக் கிடக்கும். 1988 இல் வகுக்கப்பட்ட முறையொன்றின்படி இதழின் அசைவு, தடிப்பு, சுண்ணாம்பு, கீழுள்ள நாண்களின் தடிப்பு என்னும் நான்குக்கும் ஒவ்வொன்றுக்கு 1 முதல் 4 வரை புள்ளியிடுவர். கூட்டுத்தொகை 8 அல்லது அதற்குக் குறைவாயின், சுருங்கிய வால்வைப் பலூன் கொண்டு விரிப்பது பெரும்பாலும் நற்பயன் தரும்.

நிற்க. இது வன்னி மக்களாகிய எமக்கு என்ன சொல்கிறது? சிறுபிள்ளைக்குத் தொண்டைநோ வருகிறது. இரண்டு மூன்று கிழமையில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் தோன்றுகின்றன. இது வாதக் காய்ச்சலாயின் மூட்டு ஆறிவிடும். வால்விலோ தழும்பு தங்கிவிடலாம். ஆண்டுகள் சென்றபின், வயலில் நிற்கும் வாலிபனுக்கோ கருவுற்ற பெண்ணுக்கோ மூச்சிரைக்கும். அதனை முட்டு என்றெண்ணிக் கைமருந்தோடு காலங்கடத்துவாரும் உளர். மூன்று நான்கு கிழமைக்கொருமுறை போடும் பெனிசிலின் ஊசி மீண்டும் அக்காய்ச்சல் வாராது காக்கும். பஸ் இல்லை, வயல் வேலை என்று ஊசிநாளைத் தவறவிடுதல் எத்துணைப் பேதைமை!

வாலிபர்களே, குளக்கட்டிலும் கோயில் வீதியிலும் கூடும் நாம், அயல்வீட்டுப் பிள்ளையைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வதும் சிவதொண்டே அன்றோ? பெரியோரே, மூச்சிரைப்பை முதுமையென ஒதுக்காதீர். நெஞ்சகம் இறைவன் உறையும் ஆலயமாயின், அதனைப் பழுதின்றிக் காப்பது நம் கடனாகும்.