அடகுக்கடை ஏறாத நகை

அமராவதிபுதூர் இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்தில்தான் கீழடியும் இருக்கிறது. அங்கே 2015 முதல் நடந்துவரும் அகழாய்வில் தங்க அணிகலன்களோடு சுடுமண் காதணிகளும் மணிகளும் கிடைத்தன. நம் கண் தங்கத்துக்கே முதலில் போகிறது.

செட்டிநாட்டு நகை என்றதும் நகரத்தார் திருமணத்தின் கழுத்துரு நினைவுக்கு வரும். பெண்ணின் கழுத்தில் கிடந்தாலும், தங்கத்தை விற்பதா, அடகு வைப்பதா என்பதைப் பெரும்பாலும் வீட்டு ஆண்களே முடிவு செய்தார்கள். பெண்ணின் சொத்துக்கு அவளே முழு உரிமையாளர் என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சொன்ன பிறகும் அந்த வழக்கம் அடியோடு மாறவில்லை. மண் நகையை யாரும் அடகுக்குக் கேட்பதில்லை. அது அணிந்தவளுக்கே சொந்தம்.

செய்தவளுக்கு என்ன மிஞ்சியது? குயவர் வீடுகளில் மண்ணைச் சலித்துப் பிசைந்த பெண்களுக்குச் சக்கரம் பெரும்பாலும் எட்டவில்லை. கைவினைஞர் என்ற பெயரும் சக்கரத்தோடு ஆண்களிடம் போனது. இன்றைய சுடுமண் நகைக்குச் சக்கரம் வேண்டாம். பெண்கள் விரலால் உருட்டி, ஊசியால் துளையிட்டு, நிழலில் நாள்கணக்கில் உலர்த்திச் சுட்டு, வண்ணம் தீட்டுகிறார்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் விரிசல் விடும். காத்திருப்பதும் வேலைதான்.

"மண்ணுதானே, குறைச்சுக் குடுங்க" என்ற பேரத்தில் குறைவது அந்த நாள்களின் கூலி.